மூச்சக்கா அசையவில்லை

முப்பத்தோரு வருஷமாக அவள் ஒரு நாளைக்கு எண்பது பேருக்குச் சொல்லிவந்தது நான்கே கட்டளைகள். மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. பொத்தானை அழுத்தியபின், விடுங்க. எக்ஸ்ரே அறையில் இதற்கு மேல் பேச்சு தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க அவளிடம் நிறைய இருந்தது என்பது வேறு விஷயம்.

மூச்சக்கா என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை. அவளைவிட மூத்த டாக்டர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

நர்ஸ் வேலைக்குப் படிக்கத்தான் வந்தாள். இரண்டாம் நாள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். மூன்றாம் நாளும் விழுந்தாள். நான்காம் நாள் தலைமை நர்ஸ் அவள் கையைப் பிடித்து நடைபாதையின் கோடிக்கு அழைத்துப்போய், இந்த அறையில் ரத்தம் கிடையாது, இங்கேயாவது நின்றுகொள் என்று விட்டுவிட்டுப் போனார். அன்று நின்றவள்தான். அவள் எடுத்த முதல் படம் தன்னுடைய இடது கை. ஈரம் சொட்டச் சொட்ட விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரலில் கிடந்த மோதிரம் மட்டும் தன்னுடையது என்று தெரிந்தது. எலும்புகள் யாருடையவையாகவும் இருக்கலாம்போல் இருந்தன. அதில் தன்னைக் கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சிரித்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கதவில் விரல் நசுங்கி அவள் முன்னால் வந்து நின்றவர். ஆட்டாதீங்க என்று அதட்டினாள். அன்றிலிருந்து அவர் ஆடியதில்லை என்று அவள் சொல்வாள். ஆட விட்டால்தானே என்பார் அவர். கல்யாணமான முதல் நான்கு வருஷத்தில் இரண்டு முறை உண்டானாள். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அந்தக் காலத்தில் அவள் வெளியே நின்றுதான் பொத்தானை அழுத்துவாள், கதிருக்கும் அவளுக்கும் நடுவில் வெறும் மரக்கதவுதான். அதனாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இல்லை என்று சொல்லவும் யாரும் முன்வரவில்லை. மூன்றாவது கிடையாது. வீட்டில் இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது மொத்தமாகப் பத்து வார்த்தை இருக்கும்.

பிறகுதான் கதிரைத் தடுக்க ஈயத்தகடு பதித்த கதவு வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். இருபத்திரண்டு வருஷம் உழைத்தது. போன வருஷக் கடைசியில் மேல் கீல் தேய்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. எவ்வளவு இழுத்து மூடினாலும் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளிக்கு நேரே மூன்றடி தள்ளி நடைபாதையில் பதிவு மேசை. மேசைக்குப் பின்னால் சீட்டுப் பொண்ணு.

வருகிறவர்களுக்கு எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்தாறு வயது. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தபோதே அவள் உண்டாகியிருக்கிறாள் என்று மூச்சக்கா கண்டுபிடித்துவிட்டாள். அவளைப் பெற்றவளுக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கண்டுபிடித்த அன்றைக்கே மூச்சக்கா நிர்வாகிக்கு முதல் கடிதம் எழுதினாள். கதவைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை பதிவு மேசையை நகர்த்த வேண்டும். நிர்வாகி வந்து பார்த்தார். அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பார்க்கலாம் சார். மழைநீர் ஒழுகுகிறது என்றாலும், லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது அந்தச் சொல்தான். மேசை சுவரோடு கட்டியது, நகராது என்றார். கம்ப்யூட்டர் ஒயர்களும் சுவருக்குள் போகின்றன. பெண்ணை வேறு மேசைக்கு மாற்றலாம் என்றால் இந்த மென்பொருள் வேறு யாருக்கும் தெரியாது. கதவு? அடுத்த வருஷம் எக்ஸ்ரே பிரிவே புதுக் கட்டடத்துக்குப் போகப்போகிறது. போகப்போகிற இடத்துக்கு எதற்குச் செலவு? பார்க்கலாம்.

அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும் என்றாள் மூச்சக்கா. எருமை மேல் மழை பெய்தது.

அவள் புருஷன் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் கதவைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பின்னு தேஞ்சிருக்கு. ஜாக்கி வெச்சுத் தூக்கிட்டு வேற பின்னு போட்டா அரை மணி நேர வேலை," என்றார். ஆனால் வெளியாட்கள் ஆஸ்பத்திரிக் கதவில் கை வைக்கக்கூடாது என்று விதி இருந்தது.

கடிதங்கள் ஐந்தாகின. மூச்சக்கா தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தாள். ஒவ்வொரு படம் எடுப்பதற்கு முன்பும் அறைக்குள்ளிருந்து, "எந்திரிடி" என்று குரல் கொடுப்பாள். சீட்டுப் பொண்ணு எழுந்து நடைபாதை முனையிலிருக்கும் தண்ணீர்க் குழாய்வரை நடந்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு எண்பது நடை. ஐந்தாம் மாதத்தில் அவள் கால் வீங்கி, செருப்பின் வார் உள்ளே புதைந்தது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். பணி நேரத்தில் அடிக்கடி இருக்கையில் இல்லை என்று ஒரு நாள் அவளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

அந்த நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சக்கா நிர்வாகியின் அறைக்குப் போனாள். அங்கே அவள் பேசியது மூன்று மாடிக்குக் கேட்டது. கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி திருப்பிச் சொன்னார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம். கடைசியில் நிர்வாகி மிகவும் பொறுமையாக, கோபம் உடம்புக்கு ஆகாது என்றார். வியாழக்கிழமைதோறும் ஆறாம் மாடியில் நடக்கும் மன அமைதி வகுப்புக்கு அவள் பெயரை முதலாவதாக எழுதினார்.

மன அமைதி அப்போது ஆஸ்பத்திரி முழுவதும் பரவியிருந்தது. பணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தியானம் செய்யலாம் என்று நிர்வாகி அறிவித்திருந்தார். தியானத்தில் இருப்பவரை எக்காரணம் கொண்டும் தொந்தரவு செய்யாதீர் என்று நீல எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் அதற்கு அடியிலேயே சாய்ந்து குறட்டை விட்டார்கள். எக்ஸ்ரே கதவின் மேல் ஒன்று ஒட்டியிருந்தது. கதவு தொங்கியிருந்ததால் அதுவும் சாய்ந்திருந்தது.

வகுப்பு நடத்தியவர் ஒரு பிக்கு. எழுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த அறையில், கட்டில்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, இருபது பேர் பாயில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகியும் உட்கார்ந்தார். எல்லோரும் சாமி, சாமி என்றார்கள். சாமியைப் பற்றி வாயே திறக்காமல் போன ஒருவருடைய சீடனைப் பிடித்துச் சாமி என்கிறீர்களே என்று பிக்கு சிரித்தார். அதற்குப் பிறகும் சாமிதான்.

முதல் நாள் அவர் கண்ணை மூடச் சொன்னார். மின்விசிறி ஒரே சீராகச் சுற்றியது. மூச்சக்கா காலையிலிருந்து அறுபது படம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். பிக்கு தாழ்ந்த குரலில், "மூச்சை உள்ள இழுங்க... இழுக்கிறதைக் கவனிங்க..." என்றார்.

அரைத் தூக்கத்தில் இருந்தவளுக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. "பிடிங்க. அசையாதீங்க," என்றாள், உரக்க.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் வருஷம் ஒரு முறை அவள் முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றவர்கள். அவர்களுடைய நுரையீரல்களுக்கு அந்தக் குரலைத் தெரியும். இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையானார்கள். கால் மாற்ற நினைத்தவர் பாதியில் நின்றார். துப்புரவுப் பணியாளர் ஒருவருக்குக் கண் பிதுங்கியது. நிர்வாகியின் காது சிவந்தது. பிக்கு அவளிடம் ஒரு நாளும் படம் எடுத்ததில்லை, ஆனாலும் அவரும் பிடித்துக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறதே என்று மூச்சக்கா கண்ணைத் திறந்தபோது அரை நிமிஷம் போயிருந்தது.

"ஐயோ, விடுங்க," என்றாள்.

அறையே ஒரு முறை ஊதி அடங்கியது. பிக்கு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஒரு மனக்குவிப்பை நான் பார்த்ததில்லை என்றார். அவள் கவனித்தது இருமலை. "சாமி, அந்த இருமலுக்கு ஒரு படம் எடுக்கணும். கீழ வாங்க," என்றாள். வருகிறேன் என்றார். ஆறு வாரமும் அதையே சொன்னார்.

அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். பிக்கு ஒரு உடைந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவளைச் சீண்டுவார்.

"இத்தனை வருஷமா எல்லாரையும் உள்ள பார்த்திருக்கீங்களேம்மா. நான், நான்னு சொல்லிக்கிறாங்களே, அது எங்கயாவது தட்டுப்பட்டுதா?"

"கல்லு பார்த்திருக்கேன். விழுங்கின ஊசி, பல்செட்டு, ஒருத்தர் வயித்துல மோதிரம். நீங்க சொல்றது இதுவரைக்கும் விழுந்ததில்ல."

"அதையேதான் புத்தரும் சொன்னார்."

"அப்பவே மெஷின் இருந்திருந்தா, பாவம், அவர் ஆறு வருஷம் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்."

பிக்குவுக்கு இந்த மாதிரிப் பதில் கிடைத்தால் அன்றைய பொழுது நிறைந்துவிடும். உங்களுக்கு ஞானம் வந்துவிட்டதா சாமி என்று அவள் ஒரு நாள் கேட்டாள். வந்த மாதிரி இருந்தது, யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்புவதற்குள் போய்விட்டது என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், சமையலறையில் என்னத்தை எடுக்க வந்தோம் என்று நிற்பார் என்றாள் அவள். கோபம் வரும்போது அது யாருக்கு வருகிறது என்று உற்றுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், எனக்குத்தான் வருகிறது, வேறு யாராவது அகப்பட்டால் அவர்கள் தலையில் கட்டியிருப்பேன் என்றாள்.

ஆனால் கீழே இரண்டாம் மாடியில் எண்பது நடை தொடர்ந்தது. நோட்டீஸுக்குப் பயந்து சீட்டுப் பொண்ணு சில சமயம் எழாமல் இருந்துவிடுவாள். அந்தச் சில சமயம் எத்தனை என்று மூச்சக்காவுக்குத் தெரியவில்லை. அவள் சட்டையில் கதிரை அளக்கும் அட்டை குத்தியிருந்தது. மாதாமாதம் அதை அனுப்பிச் சோதிப்பார்கள். சீட்டுப் பொண்ணு பதிவுப் பிரிவு என்பதால் அவளுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் அவள்மேல் எதுவும் பட்டதாகக் கணக்கில்லை.

மூச்சக்கா இருட்டறையைத் திறந்தாள். ஃபிலிம் கழுவும் வேலை நின்று ஆறு வருஷமாகிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரை. இருந்தாலும் பழைய பெட்டியில் ஒரு கட்டு ஃபிலிம் மிச்சமிருந்தது. ஒன்றை எடுத்து, வெளிச்சம் புகாத கேசட் என்னும் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதன்மேல் இருட்டறையின் சாவியை டேப் போட்டு ஒட்டினாள். பதிவு மேசையின் பக்கவாட்டில், கதவைப் பார்த்தபடி, சீட்டுப் பொண்ணின் வயிறு வருகிற உயரத்தில் அதைக் கட்டிவைத்தாள். ஒரு வாரம் யாரும் தொடவில்லை.

எட்டாம் நாள் கழுவிப் பார்த்தாள். கசிந்த கதிர் பட்டு ஃபிலிம் சாம்பல் படிந்ததுபோல் கறுத்திருந்தது. நடுவில் ஒரு சாவி வெள்ளையாகப் படுத்திருந்தது. சாவியின் பற்களைக்கூட எண்ணலாம்.

அதை நிர்வாகியிடம் கொண்டுபோனாள். அவர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். சாவி நன்றாக வந்திருக்கிறது என்றார். பழைய ஃபிலிம், தானாகவே கெட்டிருக்கும் என்றார். தானாகக் கெட்டிருந்தால் சாவிக்கு அடியிலும் கெட்டிருக்குமே என்றாள். அவர் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. எழுத்து மூலமாகக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். அது ஏழாவது கடிதம்.

ஆறாவது வியாழக்கிழமை கடைசி வகுப்பு. முடிந்ததும் நிர்வாகியே எழுந்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். "இவ்வகுப்பின் பயனாக என் மனக்கசப்புகளைக் கைவிட்டேன். பணியிடம் குறித்து எனக்குக் குறையேதும் இல்லை. இதுவரை அளித்த முறையீடுகளைத் திரும்பப் பெறுகிறேன்." கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. பத்தொன்பது பேர் முதுகை மேசையாக்கி ஒருவர்மேல் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மூச்சக்கா படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாளைக்குள் அந்தத் தாள் வரவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் அவள் பழைய ஆவண அறையில் இருப்பாள் என்று நிர்வாகி சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர் வகுப்பில் நன்றாகக் கற்றிருந்தார். எக்ஸ்ரேக்கு வேறு ஆள் வருவார். வருகிறவர் சீட்டுப் பொண்ணைப் பார்த்து எந்திரிடி என்று சொல்லப்போவதில்லை.

எல்லோரும் போனபின் பிக்கு ஒரு படிவத்தை எடுத்து, நூல் கட்டிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். அவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. மூச்சக்கா பையிலிருந்து ஃபிலிமை எடுத்து அவர் கையில் கொடுத்து, விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். கீல், இரண்டு விரல், எண்பது நடை. மரக்கதவு இருந்த காலத்தையும் சொன்னாள். வீட்டில் பத்து வார்த்தையில் முடித்ததை அங்கே ஆறு வார்த்தையில் சொன்னாள்.

பிக்கு ஜன்னலுக்குப் போய் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "வேடிக்கையா இருக்கும்மா. சாவி இருக்கிற இடத்துல ஒண்ணுமே விழலை. சுத்தி விழுந்ததுதான் சாவியைக் காட்டுது," என்றார்.

"சாமி, இப்ப பாடம் வேண்டாம்."

அவர் ஃபிலிமை ஜன்னலிலிருந்து இறக்கினார்.

"கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. நான்னு ஒண்ணு கிடையாது, விடு, விடுன்னு ஆறு வாரம் சொன்னீங்க. சரி, என்னை விட்டுட்டேன். அந்தப் பொண்ணு வயித்துல இருக்கே, அதையும் இல்லைன்னு விட்டுடட்டுமா?"

"வலி இல்லைன்னு புத்தர் எங்கயும் சொல்லலைம்மா. வலி இருக்குங்கிறதுதான் முதல் பாடம்."

"அப்ப முதல் பாடத்தை நடத்தாம நேரா கடைசிப் பாடத்துக்கு ஏன் தாவினீங்க? யாருக்கு வசதியா இருக்கும்னு?"

பிக்கு ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்தார். இருமினார். நாளைக்குக் காலையில் படம் எடுக்க வருகிறேன் என்றார்.

அன்று மாலை வீட்டில் புருஷன் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "புத்தரே அரண்மனையை விட்டுட்டுப் போயிட்டார். நீ ஒரு கதவை விட மாட்டேங்கிற," என்றார். அவர் போகும்போது கதவு சரியாக மூடியிருந்ததா என்று யாருக்குத் தெரியும் என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டுப் பழைய பெட்டியைக் கிளறி, வேறு வேறு கனத்தில் நான்கைந்து இரும்புப் பின்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் முதலில் கீழ்த்தளத்துக்குப் போனாள். அவசரப் பிரிவில் சக்கரம் வைத்த இன்னொரு எக்ஸ்ரே மெஷின் உண்டு. அது ஓடுகிறதா, அதற்கு ஆள் வந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மேலே வந்தாள். சாவிப் படத்தை நடைபாதை ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினாள். ஈயக் கதவை விரியத் திறந்துவைத்து, நிலையில், உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறந்திருந்தால் படம் எடுக்கக்கூடாது என்பது விதி. அவள் உட்கார்ந்திருக்கும்வரை கதவு மூடாது.

பதினொரு பேர் சீட்டு வாங்கிக் காத்திருந்தார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டவர்களிடம் சீட்டுப் பொண்ணு சுவரைக் காட்டினாள். நீல எழுத்து அங்கே இருந்தது. அவசரமானவர்களைக் கீழே அனுப்பினாள். மற்றவர்களுக்குக் கதவின் கதையைச் சொன்னாள். அவளுக்குச் சொல்ல வரும்.

ஒன்பதரைக்கு நிர்வாகி வந்தார். என்ன இது என்று கேட்டார். மூச்சக்கா அசையவில்லை.

"தியானத்துல இருக்காங்க சார்," என்றாள் சீட்டுப் பொண்ணு.

"எந்திரிக்கச் சொல்லு."

"எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு சார். நீங்கதான் ஒட்டச் சொன்னீங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கழுத்துப் பட்டை போட்ட ஒரு பெரியவர், திரும்பிப் பார்க்க முடியாததால், என்னாச்சு, என்னாச்சு என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிர்வாகி அவள் வருகைப் பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது தன் பெயர் என்று அவளுக்கு எந்தக் காலத்திலும் தோன்றியதில்லை.

கண்ணை மூடியிருந்தவளுக்குள் அமைதி ஒன்றும் வரவில்லை. வலது முழங்கால் குத்தியது. ஆவண அறை நினைவுக்கு வந்தது. அங்கே ஜன்னல் கிடையாது. இரண்டு மாடிக்குக் கேட்கிற மாதிரி நான்கு வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை அங்கேயே நிறுத்திவைத்தாள். பிடி, அசையாதே என்று தனக்கே சொல்லிக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று முப்பத்தோரு வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது.

பத்து மணிக்குப் பிக்கு வந்தார். சீட்டு வாங்கினார். எண் பன்னிரண்டு. நிலையில் உட்கார்ந்திருப்பவளையும், ஜன்னலில் இருந்த சாவியையும், நிர்வாகியையும் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, நீங்களே இப்படிப் பண்ணலாமா," என்றார் நிர்வாகி.

"படம் எடுக்க வந்தேன் சார். எடுக்கிறவங்க தியானத்துல இருக்காங்க. காத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்."

பிறகு அவரும் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சக்கா உதடு அசையாமல், "சாமி, கால் மரத்துப்போச்சு," என்றாள்.

"எனக்கும்தான்."

"உங்களுக்குமா?"

"நாப்பது வருஷமா மரத்துக்கிட்டுதான் இருக்கு."

சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. நிர்வாகி அதை அழுகை என்று நினைத்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

பதினொரு மணிக்கு எலும்பு டாக்டர், தன் நோயாளிகளின் படம் ஒன்றுகூட வரவில்லையே என்று தானே இறங்கி வந்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஃபிலிம் பார்த்தே வயதானவர். நேராக ஜன்னலுக்குப் போய் சாவியைப் பார்த்தார். எங்கே வைத்து எடுத்தது என்றார். சீட்டுப் பொண்ணு மேசையின் பக்கவாட்டைக் காட்டினாள். டாக்டர் மேசையைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், தொங்கும் கதவைப் பார்த்தார். நிர்வாகியிடம், இதைச் சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

நிர்வாகி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அவரால் சொல்ல முடியவில்லை.

"அரை மணி நேரம்னு அக்கா வீட்டுக்காரர் சொன்னார் டாக்டர்," என்றாள் சீட்டுப் பொண்ணு.

வீட்டுக்காரருக்குப் போன் போனது. அவர் இருபது நிமிஷத்தில் ஜாக்கியோடு வந்து நின்றார். அவ்வளவு சீக்கிரம் வரக் கூடிய தூரத்தில் அவருக்கு அன்று வேலை எதுவும் இல்லை. விதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் கதவின் அடியில் ஜாக்கியைக் கொடுத்துவிட்டு, நிலையில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார்.

"அசைங்க," என்றார். கல்யாணமான நாள்முதல் அவர் அவளுக்கு இட்ட முதல் கட்டளை அது.

எழுந்திருக்க முடியவில்லை. சீட்டுப் பொண்ணு ஒரு கையையும் பிக்கு ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அரை மணி நேரம் என்று சொன்ன வேலை ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது. முதல் பின் சேரவில்லை, இரண்டாவதும் சேரவில்லை. இதை அவள் ரொம்ப நாள் வீட்டில் சொல்லிக்காட்டினாள்.

மூன்றாவது பின் உட்கார்ந்தது. ஜாக்கியை இறக்கியபோது கதவு நிலையில் போய்ப் பொருந்தி, கனமான பொருள் தண்ணீரில் விழுவதுபோல் அடக்கமாக ஒரு சத்தம் கேட்டது. மூச்சக்கா இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தாள். போகவில்லை. புது ஃபிலிம் ஒன்றை எடுத்து, சாவியை ஒட்டி, மேசையின் பக்கவாட்டில் பழைய இடத்திலேயே கட்டினாள். சரியாகிவிட்டதே, எதற்கு மறுபடி என்றார் நிர்வாகி. அடுத்த வெள்ளிக்கிழமை சாவி தெரியாமல் இருந்தால்தான் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என்றாள்.

எலும்பு டாக்டர் போகும்போது, ஆவண அறைக்கு மாற்றுவதாக ஏதோ பேச்சு அடிபடுகிறதே என்று கேட்டார். நிர்வாகி கையைப் பிசைந்தார். "பார்க்கலாம்," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு முதல் முறையாக அந்த நடைபாதையில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டாம் எண் கூப்பிடப்பட்டபோது மணி மூன்று. பிக்கு நெஞ்சைத் தட்டில் ஒட்டிவைத்து நின்றார். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். சீட்டுப் பொண்ணு வெளியே உட்கார்ந்திருந்தாள். எந்திரிடி என்று வாய்வரை வந்த சொல்லை மூச்சக்கா விழுங்கினாள்.

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

பிக்கு இருமிவிட்டார். படம் கலங்கியது. இரண்டாம் முறை, இருமக்கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அதுவும் கலங்கியது.

"நாப்பது வருஷம் உக்காந்து என்ன சாமி புண்ணியம்? ரெண்டு விநாடி நிக்க முடியலை."

"உக்காரத்தான் கத்துக்கொடுத்தாங்க. நிக்கச் சொல்லித்தரலை," என்றார். மூன்றாம் முறை சரியாக வந்தது. திரையில் விலா எலும்புகள் எழுந்தன. அவர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, நான் என்று சொல்லிக்கொள்கிறோமே, அது தட்டுப்பட்டதா என்று கேட்டார்.

"அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்," என்றாள்.

அவர் போனபின் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் பிரித்து நீவினாள். புள்ளிக்கோடு காலியாகவே இருந்தது. திருப்பிப் போட்டாள். பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள். பேனாவை எடுத்து, எட்டாவது கடிதம் என்று மேலே எழுதிக் கோடு போட்டாள். கதிர் படாமல் போட்டுக்கொள்ளும் ஈய அங்கிகள் நான்கில் இரண்டு விரிசல் விட்டிருக்கின்றன என்று ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே, கதவுக்கு வெளியே காத்திருந்த பதிமூன்றாம் எண்காரரை உள்ளே வரச் சொன்னாள்.